பாட்டி ஏன் எழுந்து போகிறாள்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே போவார்கள். ஏரியில் ஒரு படகுச் சவாரி, லேடீஸ் ஸீட்டில் நின்று கீழே சேலம் நகரத்து விளக்குகளைப் பார்த்து ஒரு பெருமூச்சு, திரும்பும்போது காப்பித் தூளிலும் மிளகிலும் ஆளுக்கொரு பொட்டலம். இத்துடன் பெரும்பாலோருக்கு ஏற்காடு முடிந்துவிடுகிறது. ஆனால் அதே வளைவுகளை எண்ணாமல் இறங்குகிறவர்களும் உண்டு. சேர்வராயன் மலையின் நோயாளிகள் அவர்கள்.

ஏற்காட்டில் அரசாங்க ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. வியாதி பெரிதாகிவிட்டால் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் இறங்கிச் சேலத்துக்குப் போயாக வேண்டும். இறங்குகிறவர் முதியவராக இருந்து, நினைவும் தடுமாறத் தொடங்கியிருந்தால், வியாதியைவிட அந்த இறக்கமே பெரிய சோதனையாகிவிடுகிறது.

அப்படி இறங்கும் ஒரு பாட்டியைக் கற்பனை செய்துகொள்ளலாம். நாகலூருக்கு அப்பால் ஒரு மலைக் கிராமம். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவள். (பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம், மலைவாசிகள் என்பதே அதன் பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.) சிறு வயதிலிருந்து காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவள். இரண்டு வருஷமாக மறதி. மகனைத் தம்பி என்கிறாள்; சாப்பிட்டதை மறந்து மறுபடியும் தட்டை எடுக்கிறாள். வீட்டில் அதை யாரும் வியாதி என்று நினைக்கவில்லை. வயசாகிவிட்டது, அவ்வளவுதான். இந்தக் கார்த்திகைக் குளிரில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. சமவெளியிலுள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

முதல் இரண்டு நாள் ஓய்ந்து கிடந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்தாள். கையில் ஏறிக்கொண்டிருந்த குளுகோஸ் குழாயைப் பிடுங்கினாள். போர்வையைச் சுருட்டி மூட்டை கட்டினாள். வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

"எங்கே கிளம்பிட்டீங்க, பாட்டி?" என்று நர்ஸ் ஓடி வருகிறார்.

"நேரமாச்சு சாமி. எடை போட்டுருவாங்க."

"இங்கே எடையும் இல்லே, ஒண்ணும் இல்லே. வந்து படுங்க."

கையைப் பிடித்து இழுத்ததும் பாட்டி அடித்துவிடுகிறாள். வாழ்நாளில் யாரையும் கை நீட்டி அடித்தறியாதவள். மருமகள் வெட்கத்தால் அழுகிறாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். வார்டில் இருப்பதோ ஒரே நர்ஸ். கவனிக்க வேண்டியவர்கள் அநேகம் பேர். இந்த நிலைமையில் உலகமெங்கும் உள்ள ஆஸ்பத்திரிகளில் கைவசம் இருக்கும் உபாயங்கள் இரண்டு. ஒன்று, தூக்க ஊசி. மற்றது, பாண்டேஜ் துணியால் கையைக் கட்டிலோடு கட்டிப் போடுவது.

மூன்றாவதாக ஓர் உபாயத்தை நர்ஸின் சட்டைப் பையிலேயே வைக்கலாம் என்று சிலர் சில வருஷங்களாக முயன்று வருகிறார்கள். பையில் ஏற்கெனவே இருக்கும் செல்போன்தான் அது.

ஆயிரத்துக்கு மூன்றா, நூற்றுக்குப் பத்தா?

யாழ்ப்பாணத்தில் இந்த நிலையை 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பார்கள். நம் பக்கத்தில் 'புத்தி தடுமாறிப் போச்சு', 'சின்னப் பிள்ளையாட்டம் ஆயிட்டாங்க' என்பது வழக்கம். டாக்டர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். மூளையின் செல்கள் படிப்படியாக நசிந்துபோவதால் நினைவும் பேச்சும் நிதானமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுபோகும் நிலைக்கு அது பொதுப் பெயர். மூப்புக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் மூப்பே அது அல்ல. தொண்ணூறு வயதிலும் கணக்கு வழக்கைத் துல்லியமாகச் சொல்லும் கிழவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள்.

இந்த நோயால் அவதிப்படுகிறவர்கள் உலகத்தில் ஐந்து கோடிக்கு மேல். இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் என்று 2023-இல் வெளியான தேசிய ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடமும், படித்தவர்களைவிடப் படிக்காதவர்களிடமும் அதிகம் என்றும் அது சொல்லிற்று. மலைக் கிராமத்தில் பள்ளிக்கூடம் போகாமல் வளர்ந்த பாட்டி இந்த மூன்று வகையிலும் அடங்கிவிடுகிறாள்.

எண்ணிக்கை விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு விசித்திரமான பங்கு உண்டு. 1998-இல் கொச்சியில் நடந்த ஒரு சர்வதேச மாநாட்டில் '10/66' என்ற ஆராய்ச்சிக் குழு பிறந்தது. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியதாக இல்லையே என்ற குறையே குழுவுக்குப் பெயராயிற்று. இக்குழு கணக்கெடுத்த இடங்களில் சென்னையும் வேலூரை அடுத்த கிராமங்களும் அடங்கும். முடிவுகள் 2008-இல் லான்செட் பத்திரிகையில் வெளியாயின. அமெரிக்க மனநோய் நிபுணர்களின் இலக்கணத்தை வைத்து அளந்தபோது, அந்தக் கிராமங்களில் 65 வயதைத் தாண்டியவர்களில் நோயாளிகள் ஆயிரத்துக்கு மூன்று பேர்தான்! படிப்பில்லாதவருக்கும் பொருந்தும்படி குழு தானே வகுத்த அளவுகோலை வைத்து, அதே கிராமத்தில் அதே ஜனங்களை அளந்தபோது நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் வந்தது.

இவ்வளவு வித்தியாசம் எப்படி? "உங்கள் அம்மாவுக்கு அன்றாடக் காரியங்களில் சிரமம் உண்டா?" என்று கேட்டால், நம் வீடுகளில் "அப்படி ஒன்றும் இல்லை" என்பார்கள். அம்மா செய்ய வேண்டிய காரியத்தையெல்லாம் மருமகள் எப்போதோ ஏற்றுக்கொண்டாயிற்று. சிரமம் யார் கண்ணிலும் படுவதில்லை. அது முதல்முதலில் கண்ணில் படுகிற இடம், பழக்கமில்லாத ஆஸ்பத்திரி வார்டு.

ஊசியின் விலை

தூக்க ஊசியில் என்ன தப்பு என்று கேட்கலாம். பாட்டியும் தூங்குகிறாள், வார்டும் தூங்குகிறது. ஆனால் சித்தப்பிரமைக்காக ஏற்பட்ட மருந்துகளை மறதி நோயாளிகளுக்குக் கொடுப்பதைப் பற்றி 2005-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் கடுமையான எச்சரிக்கை ஒன்றை வெளியிட்டது. 17 பரீட்சைகளைச் சேர்த்துப் பார்த்ததில், அந்த மருந்து பெற்ற முதியவர்கள் இறந்துபோகும் அபாயம், பெறாதவர்களைக் காட்டிலும் ஒன்றரை மடங்குக்குமேல் இருந்தது. மருந்தின் விவரக் குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்டு இதை அச்சிட வேண்டும் என்று உத்தரவாயிற்று.

நான்கு வருஷம் கழித்து பிரிட்டிஷ் அரசாங்கத்துக்காகப் பேராசிரியர் சுபே பானர்ஜி ஓர் அறிக்கை தயாரித்தார். அந்த நாட்டில் வருஷந்தோறும் 1,80,000 மறதி நோயாளிகளுக்கு இம்மருந்துகள் கொடுக்கப்படுகின்றன; அவர்களில் ஏதாவது பலன் அடைகிறவர்கள் சுமார் 36,000 பேர்; இந்த மருந்தினால் கூடுதலாக நேரும் மரணங்கள் வருஷத்துக்கு 1,800 என்பது அவர் கணக்கு. அவ்வளவு சட்டதிட்டங்கள் உள்ள நாட்டிலேயே இப்படி! மருந்தே கூடாது என்று அவர் சொல்லவில்லை. வேறு வழிகளைப் பார்த்த பிறகு, குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு என்பதுதான் நிபுணர்களின் பொதுவான அபிப்பிராயம். தகராறு எல்லாம் அந்த 'வேறு வழி' என்ன என்பதில்தான். டியூட்டி டாக்டர் வேறு வார்டில் இருக்கும் நேரத்தில், ஒற்றை நர்ஸ் வேறு வழியை எந்தப் புத்தகத்தில் தேடுவார்?

விவரி, விசாரி, வகு, விளைவைப் பார்

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் சர்வகலாசாலையைச் சார்ந்த மறதி நோய் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு, இந்நோயாளிகளின் நடத்தையைச் சமாளிப்பது பற்றி 2012-இல் ஒரு பெரிய கையேடு போட்டது. நல்ல புத்தகம், ஆனால் வார்டில் நின்றுகொண்டு படிக்கக்கூடியதல்ல. அதன் சாரத்தைச் செல்போன் செயலியாக்கினார்கள். டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் ஒன்று. வீட்டாருக்கும் பணியாளர்களுக்கும் எளிமையாக மற்றொன்று. அலைந்து திரிதல், அடித்தல், ஓயாமல் கூவுதல், இரவில் உறங்காமை, இல்லாததைக் காணுதல் என்று நடத்தைகள் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. வேண்டியதைத் தொட்டால், அதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம், என்ன செய்து பார்க்கலாம், எதைச் செய்யக்கூடாது என்று வருகிறது.

இத்தகைய கருவிகளுக்கெல்லாம் அடிப்படையான எண்ணம் ஒன்றே. மறதி நோயாளியின் முரட்டுத்தனம், வாய் திறந்து சொல்லத் தெரியாத ஒரு செய்தி. அமெரிக்காவில் ஹெலன் கேல்ஸ், லாரா கிட்லின், கான்ஸ்டன்டைன் லைகெட்சாஸ் ஆகிய மூன்று நிபுணர்கள் இதை நான்கு படிகளாக வகுத்தார்கள். தமிழில் சொன்னால்: நடந்ததை விவரி, காரணத்தை விசாரி, வழியை வகு, விளைவைப் பார். இந்த முறையை வைத்து, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கென்று கம்ப்யூட்டர் வழி ஆலோசனைக் கருவி ஒன்றும் ஏற்பட்டது.

முதல் படியான 'விவரி' புதிதல்ல. 1901-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரிக்கு 51 வயதான ஆகஸ்டே டெட்டர் என்ற மாது கொண்டுவரப்பட்டாள். அவளைப் பார்த்த டாக்டர் அலோய்ஸ் அல்ஸைமர், தாம் கேட்ட கேள்வியையும் அவள் சொன்ன பதிலையும் அப்படியே எழுதி வைத்தார். அவள் 1906-இல் இறந்த பிறகு மூளையைச் சோதித்து, அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் சகாக்களிடம் தெரிவித்தார். வியாதிக்கு அவர் பெயரே நிலைத்தது. அந்த நோட்டுக் காகிதங்கள் தொண்ணூறு வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக் கிடங்கிலிருந்து அகப்பட்டன. 'நோயாளி கலாட்டா செய்தாள், ஊசி போடப்பட்டது' என்று ஒரே வரியில் அவர் முடித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்?

வார்டில் மூட்டை கட்டிய பாட்டியிடம் திரும்புவோம். நர்ஸ் செல்போனை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செயலி முதலில் கேட்கக்கூடிய கேள்வி: இது பழைய தடுமாற்றமா, இரண்டொரு நாளில் வந்த புதுத் தடுமாற்றமா?

உயிர் காக்கும் கேள்வி இதுதான். மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வரும். திடீரென்று மணிக்கணக்கில், நாள்கணக்கில் வருகிற குழப்பத்துக்கு டாக்டர்கள் டெலிரியம் என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் காய்ச்சலோ, சிறுநீர் அடைப்போ, மலச்சிக்கலோ, உடம்பில் நீர் வற்றிப்போனதோ, புதிதாகக் கொடுத்த மாத்திரையோ இருக்கும். மூலத்தைக் கண்டு நீக்கினால் பெரும்பாலும் குழப்பம் தெளியும். காணாமல் தூக்க ஊசி போட்டால், அடைப்பு அடைப்பாகவே இருக்கும். அதைச் சொல்ல வேண்டிய நோயாளி தூங்கிக்கொண்டிருப்பாள்.

அடுத்த கேள்வி: வலி உண்டா? "வலிக்கிறதா?" என்று கேட்டால், நோய் முற்றியவர்கள் இல்லை என்பார்கள், அல்லது பேசவே மாட்டார்கள். நார்வே நாட்டில் 18 முதியோர் இல்லங்களில் 352 மறதி நோயாளிகளை வைத்து ஒரு பரீட்சை செய்து 2011-இல் வெளியிட்டார்கள். ஒரு சாராருக்குப் படிப்படியாக வலி மருந்து கொடுக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது வேறொன்றுமில்லை, நம் ஊர்ப் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரிந்த பாரசிட்டமால். எட்டு வாரத்தில் அவர்களுடைய கலாட்டா 17 சதவீதம் குறைந்தது. 'முரடர்' என்று பெயர் வாங்கியவர்களில் சிலருக்கு முழங்கால் வலித்திருக்கிறது!

இந்த வலியைக் கண்டுபிடிக்கவே ஒரு செயலி இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் சர்வகலாசாலையில் உருவான அதற்குப் 'பெயின்செக்' என்று பெயர். செல்போன் காமிராவை நோயாளியின் முகத்துக்கு நேரே மூன்று விநாடி பிடித்தால், புருவம் சுருங்குவதையும் உதடு இழுபடுவதையும் இயந்திரமே கவனிக்கிறது. குரல், உடம்பின் அசைவு, நடத்தை முதலியவற்றை நர்ஸ் குறித்துக் கொடுக்க வேண்டும். மொத்தம் 42 குறிப்புகளைக் கூட்டி வலிக்கு ஒரு மதிப்பெண் போடுகிறது. யுக்தி நல்ல யுக்திதான். ஆனால் வேறு நாட்டு முகங்களைப் பார்த்துப் பழகிய கருவியை, வெயிலிலும் குளிரிலும் சுருக்கம் விழுந்த மலை முகங்களில் சோதித்துப் பார்க்காமல் நம்பிவிட முடியாது.

காய்ச்சல், அடைப்பு, வலி எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் அகப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். செயலி இன்னொன்று கேட்கும்: எந்த நேரத்தில் இப்படிச் செய்கிறாள்? அந்த நேரத்தில் முன்பெல்லாம் அவள் என்ன செய்வாள்?

நர்ஸுக்கு இதற்கு விடை தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. கட்டிலடியில் பாயில் உட்கார்ந்திருக்கும் மருமகளுக்குத் தெரியும். காப்பி அறுவடைக் காலத்தில், நாள் முழுவதும் பறித்த பழத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு சாயங்காலம் எடை போடும் இடத்துக்கு ஓட வேண்டும். நேரம் தப்பினால் அன்றைய கூலி தகராறு. ஐம்பது வருஷம் ஓடிய ஓட்டம். பெற்ற பிள்ளையின் பெயர் மறந்துபோகலாம். உடம்புக்கு நான்கு மணி மறக்கவில்லை.

இது தெரிந்துவிட்டால் வழி சுலபம். "எடை இன்னிக்கு நாளைக்கு மாத்திட்டாங்க பாட்டி, உங்க பழத்தை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லலாம். பொய் சொல்லலாமா என்று இதில் ஒரு சர்ச்சை உண்டு. அதில் இறங்க விரும்பாதவர்கள், ஒரு முறத்தில் கொஞ்சம் பயறோ மொச்சையோ போட்டு, "இதைக் கொஞ்சம் பொறுக்கிக் குடுங்க" என்று மூன்றரை மணிக்கே மடியில் வைக்கலாம். குளுகோஸ் குழாய் பிழைத்துக்கொள்ளும்.

பாதி வழியில் இறங்கியவர்கள்

செயலி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதற்கில்லை. உலக சுகாதார ஸ்தாபனம், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்காக 'ஐ-சப்போர்ட்' என்ற பயிற்சியை உண்டாக்கியது. கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ பாடம் பாடமாகப் படித்துக்கொள்ளலாம். பெங்களூரைச் சேர்ந்த நிபுணர்கள் இதை நம் நாட்டுக்கு ஏற்றவாறு மாற்றிப் பரீட்சை நடத்தி, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். சேர்ந்தவர்கள் 151 பேர். மூன்று மாதம் கழித்துக் கடைசிக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்கள் 55 பேர். நோயாளியை மனிதராக மதித்துப் பார்க்கும் மனப்பான்மை வளர்ந்திருந்தது. பார்த்துக்கொள்கிறவரின் மனச்சோர்வும் பாரமும் குறைந்ததாகத் தெரியவில்லை.

பாதி வழியில் இறங்கிவிட்ட தொண்ணூற்றாறு பேரைக் குறை சொல்ல முடியுமா? இரவு முழுவதும் கண்விழித்து மாமனாரைக் காவல் காத்தவர், பகலில் செல்போனைத் திறந்து பாடம் படிப்பார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். நர்ஸுக்கும் இதே நியாயம்தான். எந்த ஊர் நர்ஸ் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றாலும், 'நோயாளி கத்துகிறார், இவர் போனை நோண்டுகிறார்' என்று யாராவது படம் பிடித்துவிடக்கூடிய காலம் இது. போதாததற்கு, நோயாளியின் முகத்தைப் படமெடுத்தால் அந்தப் படம் எங்கே போய்த் தங்குகிறது என்ற கேள்வி வேறு. அந்தரங்கத் தகவல்களைக் காப்பதற்கென்று 2023-இல் இந்தியாவில் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. சம்மதம் கொடுக்கும் நிலையில் இல்லாத பாட்டிக்காக யார் சம்மதம் கொடுப்பது?

மேல்நாட்டுச் செயலிகள் ஓர் எசமானைக் கற்பனை செய்து எழுதப்பட்டவை: பயிற்சி பெற்ற நர்ஸ். நம் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் தண்ணீர் கொடுப்பதும், துணி மாற்றுவதும், இரவில் கழிப்பறைக்கு அழைத்துப் போவதும் பெரும்பாலும் கூட வந்தவர்கள். அந்த மருமகளுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழும் எழுத்துக்கூட்டித்தான் வரலாம். செயலி அவளிடம் பேச வேண்டும் - எழுத்தால் அல்ல, குரலால், படத்தால். அறுபதுக்கு மேற்பட்ட மலைக் கிராமங்களில் எல்லா இடத்திலும் சிக்னல் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. ஒரு பாறைமேல் ஏறினால் கிடைப்பது வீட்டுக்குள் கிடைக்காது. ஆகவே சிக்னல் இல்லாமலும் அது வேலை செய்ய வேண்டும். இவ்வளவும் பொருந்திய தமிழ்ச் செயலி ஒன்றை யாராவது செய்ய முன்வந்தால், அவர்கள் முதலில் உட்கார வேண்டிய இடம் சென்னையிலுள்ள குளுகுளு அறை அல்ல. நாகலூர்ப் பக்கத்துத் திண்ணை.

கேள்விகளையே மாற்ற வேண்டியிருக்கும். திடீர்க் குழப்பத்தைக் கண்டுபிடிக்க எடின்பரோ நகரத்து டாக்டர்கள் வகுத்த ஒரு சோதனை உலகம் முழுவதும் பிரசித்தம். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். அதில் வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடக்கும் வருஷம் ஆகியவற்றைக் கேட்கிறார்கள். பிறகு டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்கிறார்கள். பாட்டிக்குப் பிறந்த தேதி எப்போதுமே தெரியாது. 'பெரிய மழை பெய்த வருஷம்' என்பாள். டிசம்பரை அவள் முன்னோக்கியே சொன்னதில்லை. புத்தி முழுக்கத் தெளிவாக இருந்த நாற்பது வயதிலும் இந்தச் சோதனையில் அவள் தேறியிருக்க மாட்டாள்!

மலையிலிருந்து வரவேண்டிய காகிதம்

இதற்கிடையே செல்போன் இல்லாமலே ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு. 2010-இல் பிரிட்டனின் அல்ஸைமர் சங்கமும் நர்ஸுகள் சங்கமும் சேர்ந்து 'இதுதான் நான்' என்ற பொருளில் ஒரு சிறு மடிப்புத் தாளை வெளியிட்டன. நோயாளியை எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும், என்ன வேலை செய்தவர், எதைக் கண்டால் பயம், எப்படித் தூங்குவார், காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதையெல்லாம் வீட்டார் எழுதி, ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட வேண்டும். மூன்று ஷிப்டிலும் மாறி மாறி வருகிற நர்ஸுகள் அதைப் பார்த்துக்கொள்வார்கள். அங்கே ஆஸ்பத்திரிப் படுக்கைகளில் நான்கில் ஒன்றில் மறதி நோயாளி இருக்கிறார் என்பது 2009-இல் அந்தச் சங்கம் சொன்ன கணக்கு. தாளுக்கு வேலை இருந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாட்டி மகனைத் தம்பி என்று கூப்பிடுவதைக் காதால் கேட்கக்கூடியவர்கள் அவர்கள்தாம். இன்னும் பத்து நிமிஷம் செலவிட்டு நான்கு கேள்வி கேட்டு எழுதி வைத்தால், நோயாளி மலை இறங்கும்போது அந்தத் தகவலும் கூடவே இறங்கும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு அவர்களுக்கு ஊதியம் உண்டா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது அது.

கீழே வாங்கிப் பார்க்கவும் ஆள் வேண்டும். முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு பின்தங்கிய ராஜ்யம் அல்ல. 1978-இலேயே சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். நாட்டுக்கே அது முன்னோடி. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. ஆனால் ஏற்காட்டுப் பாட்டிக்கு கிண்டி வெகு தூரம். வீட்டில் தடுமாறுகிறவர்களுக்கு இப்போதைக்குக் கைக்கெட்டும் செல்போன் உதவி, முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லா எண். மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டிலும் தமிழில் பேசலாம்.

தமிழில் கேள்வித்தாள் தயாரிக்க உட்காருகிறவர்களுக்கு மலையிலேயே நல்ல கேள்விகள் கிடைக்கும். பிறந்த தேதிக்குப் பதிலாக, தலைப்பிள்ளை பிறந்தபோது எந்தத் தோட்டத்தில் வேலை? நடக்கும் வருஷத்துக்குப் பதிலாக, இப்போது பழம் பறிக்கும் காலமா, செடி பூக்கும் காலமா? மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலை முழுவதும் கூடும். அது வந்து போயாயிற்றா, இனிமேல்தான் வரப்போகிறதா? இதற்குப் பாட்டி என்ன பதில் சொல்கிறாள், நேற்றும் அதையே சொன்னாளா என்று குறித்து வைத்தால், டியூட்டி டாக்டர் வார்டுக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டிய காகிதம் அதுவாக இருக்கும்.